படங்களை அழித்தது என் மகள் அல்ல

அமுதா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பாண்டிச்சேரியிலிருந்து போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெங்களூர் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னாய். நான் அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "ஆனா வேணாம்னு சொல்லிடப் போறேம்மா" என்றாய். ஏண்டி என்று கேட்டேன். "டிஸ்க்குல எப்படி எழுதறது, எப்படிப் படிக்கறதுன்ற சாப்ட்வேர் செய்யற கம்பெனிம்மா அது. அடுத்தவங்க பொருள் இருக்கற எடத்துல கை வைக்க நான் லாயக்கு இல்ல. அதான் மரக்காணத்துலயே பாத்துட்டோமே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றும், அதற்குப் பதிலாக ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போவதாகவும் சொன்னாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன்? "உன் இஷ்டம்மா" என்றேன். உன் இஷ்டமாம்! போனை வைத்துவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கவில்லை. கடை மூலையில் உறை போட்டு வைத்திருக்கிற தமிழ் டைப்ரைட்டரை எடுத்து வைத்து அடிக்கிறேன். கம்ப்யூட்டர் என்றால் எனக்குச் சங்கடமான வரியெல்லாம் ஒரு தட்டில் காணாமல் போய்விடும், கடைசியில் நான் நல்லவளாக நிற்பேன். என்னை எனக்குத் தெரியாதா? இதில் அடித்தது அடித்ததுதான். நடுவில் கார்பன் வைத்து இரண்டு படி எடுக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று எதற்கு என்று பிறகு சொல்கிறேன். காப்பி எடும்மா, காப்பி எடும்மா என்று நீ எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாய். இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. இந்த மரக்காணத்தில் எனக்கு அக்கா, அண்ணி என்ற பெயரெல்லாம் அப்புறம்தான். முதல் பெயர் டைப் டீச்சர். உன் அப்பா உப்பு லாரி ஓட்டிக் கொண்டுவந்த காசில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போட்ட டைப் இன்ஸ்டிடியூட். ஒரு எழுத்து தப்பாக விழுந்தாலும் ரப்பரைத் தொடக் கூடாது, தாளை உருவிப் போட்டுவிட்டு மொத்தப் பக்கத்தையும் மறுபடி அடி என்று சொல்கிற ராட்சசி நான். கிளியனூரிலிருந்து வந்து படித்த பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்திருக்கிறார்கள். "டீச்சர் கை பட்டா தப்பு வராது" என்று ஊரில் பேசுவார்கள், அந்தப் பேச்சு எனக்குச் சர்க்கரையாக இனிக்கும். டைப் படிக்க ஆள் வராமல் போனதும் கம்ப்யூட்டர் வாங்கினேன், கல்யாணப் பத்திரிகை அடித்தேன், டிஜிட்டல் கேமரா வாங்கிப் பாஸ்போர்ட் படமும் காதுகுத்துப் படமும் எடுத்தேன். தொழில் மாறியது, பெயர் மாறவில்லை. தப்பே செய்யாதவள் என்ற பெயரைக் காப்பாற்ற ஒரு பொம்பளை எவ்வளவு கேவலமாக நடந்துகொள்வாள் என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

நம்ம கரையின் உப்புக்காற்று உப்பளத்துக்கு நல்லது, கம்ப்யூட்டருக்கு எமன். திருகாணி துருப்பிடிக்கும், போர்டில் பச்சை பூக்கும், பவர் சப்ளை புகையும். ஆனால் காற்றுப் புகாமல் மூடியிருக்கிற ஹார்டு டிஸ்க் மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடக்கும். அதனால் இங்கே ஒரு வழக்கம். மெஷின் செத்தால் யாரும் அழமாட்டார்கள். டிஸ்க்கைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் கடைக்குப் போய் அவர் மெஷினில் மாட்டி, வேலையை முடித்துக்கொண்டு வருவார்கள். உப்பளத்து ஆபீஸும் அப்படித்தான், ஜெராக்ஸ் கடையும் அப்படித்தான், நானும் அப்படித்தான். யார் டிஸ்க்கும் யார் மெஷினிலும் வேலை செய்யவேண்டும், இது இந்த ஊரில் எழுதாத சட்டம். இந்தச் சட்டத்துக்குள்தான் நீ உன் புதுப் பொருளைக் கொண்டுவந்தாய்.

காலேஜ் மூன்றாம் வருஷத்தில் நீ, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் என்று பைத்தியம் பிடித்து அலைந்தாய். விடுமுறைக்கு வந்தவள் கடையில் என் அவஸ்தையைப் பார்த்தாய். சின்னச் சின்னப் படமாக ஆயிரக்கணக்கில் சேர்ந்து, ஒரு ஃபோல்டரைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற நிலைமை. கரண்ட் போனால் அதைவிடக் கொடுமை. மறுபடி எழுந்ததும் மெஷின் வரிசையாகக் கேள்வி கேட்கும், இதைச் சரிசெய்யட்டுமா, அதைச் சரிசெய்யட்டுமா என்று. நம்ம ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? நான் எதையும் படிக்கமாட்டேன். யெஸ், யெஸ், யெஸ் என்று தட்டிக்கொண்டே போவேன், மறு கையில் தோசை இருக்கும். இந்தக் கைப்பழக்கத்தை மனதில் வை.

"புது ஃபைல்சிஸ்டம் ஒண்ணு வந்திருக்குதும்மா, போட்டுப் பாக்கலாமா?" என்றாய். அது என்னடி எழவு என்று கேட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். "டிஸ்க்குக்குள்ள எது எங்க இருக்குதுன்னு அடுக்கி வைக்கற முறைம்மா. பழசு இருக்குதே, அது தம்மாத்தூண்டு படத்துக்கும் ஒரு பெரிய டப்பாவ ஒதுக்கிடும், மிச்ச எடம் வேஸ்ட்டு. இது சின்னதையெல்லாம் நெருக்கி அடுக்கும். தேடறதும் வேகம். எழுதும்போது கரண்ட் போச்சுன்னா, ஒண்ணு முழுசா எழுதியிருக்கும், இல்லன்னா எழுதாத மாதிரியே இருக்கும். பாதில நொண்டிக்கினு நிக்காது."

எனக்கு அங்கேயே வாயில் எச்சில் ஊறிவிட்டது. நீ விடவில்லை. "இரு, முழுசாக் கேளு. இது இன்னும் சோதனையிலதான் இருக்குது. லினக்ஸ்லயே இன்னும் சேத்துக்கல, நானா தனியா ஒட்டுப் போட்டுத்தான் வேல செய்ய வைக்கணும். வேற மெஷின்ல மாட்டினா படிக்காது. விண்டோஸ்ல மாட்டினா வெறும் டிஸ்க்குன்னு நெனச்சிக்கும். கெட்டுப்போச்சுன்னா சரிபண்ற டூலும் அரைகுறைதான். உனக்கு பயமா இருந்தா லினக்ஸ்லயே பழசு ஒண்ணு இருக்குது, கொஞ்சம் மெதுவா போவும், ஆனா எந்த லினக்ஸ் மெஷினும் அத படிக்கும். அதப் போடட்டுமா?" என்றாய். எந்த டாக்டரும் நோயாளியிடம் இவ்வளவு விளக்கமாகச் சொல்லமாட்டார். நான்தான், "வேகமா இருக்கறதயே போடுடி, எனக்கென்ன பயம்" என்றேன். அப்படியென்றால் இரண்டு கட்டளை என்றாய். வாரா வாரம் சிடியில் காப்பி எடுக்கவேண்டும். நீ வராமல் டிஸ்க்கைக் கழற்றவே கூடாது. அதை டிஸ்க்கின் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டவும் செய்தாய். தேர்ந்தெடுத்தது நான், அமுதா. ஊரில் யாருக்கும் இது தெரியாது.

அது எப்படி ஓடியது என்பதையும் நான் நேர்மையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊர் அந்தப் புது முறைக்குத்தான் கெட்ட பெயர் வைத்தது. அந்த ஐப்பசி கார்த்திகை மழையில் கரண்ட் கண்ணாமூச்சி ஆடியது. பத்திரிகை பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது போகும், வரும், மறுபடி போகும். ஒரு தடவைகூட ஒரு படம் கெடவில்லை. எழுந்ததும் ஒரு கேள்வி கேட்காமல் வேலைக்குத் தயாராக நிற்கும். ஃபோல்டரைத் திறந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லா முகமும் வந்து நிற்கும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் பொண்ணு போட்டது, ஃபாரின்லயே இன்னும் சோதனைல இருக்குதாம்" என்று வாய் கிழியப் பீற்றிக்கொண்டேன். பெருமை வேண்டியிருந்தபோது நீ என் பெண்.

சிடி காப்பி முதலில் ஒழுங்காகத்தான் எடுத்தேன். அப்புறம் ஒரு வாரம் முகூர்த்தம், அடுத்த வாரம் தலைவலி. அதுதான் கெடவே இல்லையே, எதற்குக் காப்பி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனில் நீ கேட்கும்போதெல்லாம் "எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்றேன். நன்றாக ஓடுகிற பொருள் ஆளைச் சோம்பேறியாக்கிவிடுகிறது. புதிய பொருளில் இருக்கிற ஆபத்தில் இதையும் சேர்த்துக்கொள், உங்கள் ஆட்கள் யாரும் இதை எழுதியிருக்கமாட்டார்கள்.

அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. நம்ம கடை உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தோம். அஞ்சலை வீடு தப்பவில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், அஞ்சலை உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அவள் புருஷன் ஏழுமலை அந்த வருஷம் கோடையிலேயே காய்ச்சல் வந்து இறந்துபோனார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பெருமுக்கல் கோயிலில் அவர்கள் பெண்ணுக்குக் காதுகுத்து, நான்தான் போய்ப் படம் எடுத்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏழுமலை சிரிக்கிற படம். அவர் ஆயுசில் எடுத்த ஒரே படம் அதுதான். கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்ததை அலை கொண்டுபோய்விட்டது. "போனா போவட்டும், டீச்சரம்மா மிஷின்ல இருக்குது" என்று அஞ்சலை எல்லாரிடமும் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். வருஷத் திதி நெருங்கியதும் என்னிடம் வந்தாள். "சனிக்கெழம படையல் டீச்சரம்மா. பெரிசா ஒண்ணு போட்டுக் குடு. மால போடற மாதிரி" என்றாள். அதற்கென்ன, வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து வாங்கிக்கொள் என்றேன்.

வியாழக்கிழமை மெஷின் செத்தது. உப்புக்காற்றுதான், வேறொன்றுமில்லை. உனக்குப் பரீட்சை, சனிக்கிழமை மத்தியானம்தான் முடியும். உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அஞ்சலையிடம் "எம் பொண்ணு வந்ததும் தர்றேன்" என்று சொல்லியிருக்கலாம், அவள் ஒன்றும் அடிக்க வந்திருக்கமாட்டாள். ஆனால் டீச்சர் வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமைதான் என்ற திமிர் இருக்கிறதே! டிஸ்க்கைக் கழற்றினேன். நீ ஒட்டிய தாள் உப்புக்காற்றில் ஈரமாகிக் கையோடு வந்துவிட்டது. அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். அதில் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை காலையில் அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கூனிமேட்டுக்குப் பஸ் ஏறினேன். ஜமால் பாய் துபாயில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து அங்கே ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். டிஸ்க்கைத் தன் மெஷினில் மாட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது நம்ம விண்டோஸ் ஆளு இல்ல போலிருக்கே. பாப்பா ஏதோ புதுசா போட்டிருக்குது. நான் ஜும்மா தொழுகைக்குப் போயிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் ஒண்ணையும் அமுக்காதீங்க. வந்து பாப்பாகிட்டயே போன்ல கேட்டுக்கலாம்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் அப்படித்தான் சொன்னார், ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். டிஸ்க்கின் பேர் திரையில் தெரிந்தது. உள்ளே ஏழுமலை இருக்கிறார், என் விரலுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தட்டு. திறந்தேன். இந்த டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யட்டுமா என்று கேட்டது. எனக்கு அந்த வார்த்தை தெரியும், கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். படித்திருந்தால் நிறுத்தியிருப்பேன். படிக்கவில்லை. கேள்வி வந்தால் யெஸ். அடுத்து ஒரு கட்டம் வந்தது, அதில் க்விக் என்று ஒன்று இருந்தது, அவசரக்காரிக்கு வேறென்ன வேண்டும், அதையும் டிக் செய்தேன். எல்லாம் அழிந்துபோகும் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அதற்கும் யெஸ். விரல் தட்டிய பிறகுதான் கண் படித்தது. டிஸ்க் காலியாகச் சுத்தமாகத் திறந்தது, பெருக்கிவிட்ட வீடு மாதிரி.

பாய் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், காலியா இருக்குதே" என்றார். அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை போதும், நான் அமுக்கிட்டேன் பாய் என்று. அவர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார், அத்தோடு போயிருக்கும். என் வாயிலிருந்து வந்தது வேறு. "எம் பொண்ணு போட்ட புது எழவு எல்லாத்தையும் முழுங்கிடுச்சு பாய்." எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தயாராக உள்ளே உட்கார்ந்திருந்தது போல வந்தது. சாயந்தரம் அஞ்சலையிடமும் அதையே சொன்னேன். அவள் கத்தவில்லை. "அப்ப அவரு இல்லியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, போட்டோவுக்கென்று கொண்டுவந்த துணியை மடித்துக்கொண்டு போனாள். ராத்திரிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டைப் டீச்சர் பெண் கம்ப்யூட்டரில் என்னவோ பரிசோதனை செய்து எல்லார் படத்தையும் அழித்துவிட்டாளாம்.

சனிக்கிழமை நீ பரீட்சை முடித்துப் பையோடு நேராகக் கடைக்கு வந்தாய். டிஸ்க்கை எப்படியோ மாட்டிப் பார்த்தாய். திரையைப் பார்த்தபடியே கேட்டாய், "அம்மா, யாரு ஃபார்மட் குடுத்தது?" நான் பார்த்தது உன் முதுகை. "எனக்கென்ன தெரியும், பாய்கிட்டதான் குடுத்தேன்" என்றேன். நீ உடனே கூனிமேட்டுக்குப் போனாய். திரும்பி வந்தபோது உன் முகத்தில் ஒன்றும் இல்லை. பாய் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்கவே இல்லை. "நான் அஞ்சலக்கா வூட்டுக்குப் போயி சொல்லிட்டு வர்றேன்" என்றாய். நானும் கூட வந்தேன்.

அங்கே படையல் போட்டிருந்தார்கள். படம் இருக்கவேண்டிய இடத்தில் ஏழுமலையின் சட்டையை மடித்து வைத்து, அதன்மேல் மாலை சாத்தியிருந்தார்கள். அங்கே நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது எழுதினால் மேலே அடிக்க விரல் வராது.

அதற்குப் பிறகு நீ பல மாதம் அந்த டிஸ்க்கோடு மல்லுக்கட்டினாய். உன்னைக் கேட்டதற்கு, புது முறை என்பதால் அடுக்கிய விதத்தைத் திரும்பக் கட்ட டூல் இல்லை, படத்தின் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தோண்டித்தான் எடுக்கவேண்டும் என்றாய். நான் அவசரத்தில் க்விக் என்று போட்டதால் முழுக்கத் துடைக்கவில்லையாம், அந்த அளவில் என் அவசரமே கொஞ்சம் மிச்சம் வைத்தது. அந்த முறையை எழுதுகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போட்டாய், அவர்கள் பதில் போட்டார்கள், நீயே அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினாய். ஏராளமான படங்களை மீட்டாய். ஏழுமலை பாதிதான் வந்தார். முகமும் தோளும் இருக்கிறது, அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். மடியில் இருந்த பிள்ளை போய்விட்டது. அதைத்தான் அஞ்சலை மாட்டியிருக்கிறாள். மாலை போட்டால் சாம்பல் தெரிவதில்லை. அந்தச் சின்ன புரோகிராமைப் பார்த்துத்தான் பெங்களூர்க்காரர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள் என்று நீயே சொன்னாய். அதையே நீ வேண்டாம் என்கிறாய்.

அமுதா, உனக்கு உண்மை தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சுமந்தாய். சுமந்து சுமந்து அதை நிஜமென்று நம்பவே ஆரம்பித்துவிட்டாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ செய்ததில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன், அதுவும் பொய்யாகிவிடும். யார் டிஸ்க்கும் யார் மெஷினிலும் ஓடவேண்டிய ஊரில், யாருக்கும் புரியாத ஒன்றை வைத்தாய். நல்ல பொருள், வேகமான பொருள், ஆனால் நீ இல்லாத நேரத்தில் அது ஊமை. அந்த வேலைக்குப் போனால் இதை மறக்காதே. உன் பொருளைத் தொடப்போவது நீ இல்லை. தோசையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வாக்குக் கொடுத்த திமிரில், படிக்காமல் யெஸ் தட்டுகிற ஒருத்தி. அவளுக்காகக் கேள்வியை எழுது. அவள் கையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி எழுது. அடுத்தவர் பொருளின் அருமை தெரிந்த உன்னைவிட லாயக்கானவள் அந்தக் கம்பெனிக்கு எங்கிருந்து கிடைப்பாள்?

இனி இரண்டாவது படி. ஊர் முழுக்கச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் திருத்தினால் அது திருத்தமாகாது. இந்தக் கார்பன் படியைக் கடைக் கண்ணாடியில் ஒட்டப்போகிறேன், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களெல்லாம் படிக்கட்டும். அதற்கு முன்னால் இரண்டு பேரை நேரில் பார்க்கவேண்டியிருந்தது. முதலில் ஜமால் பாய். "பாய்கிட்ட டிஸ்க்கக் குடுத்தா அழிஞ்சிடும்" என்று நாலு பேர் சொல்லி அவருக்கு வந்த வேலையும் குறைந்துபோனது எனக்குத் தெரியும். சொல்லி முடித்தேன். "தெரியும் டீச்சர். பாப்பா வந்து கேட்டுச்சே, அப்பவே தெரியும். வல்லாஹி, அல்லா மேல சத்தியமா நான் தொடலம்மான்னு சொன்னேன். பாப்பா தலையக் குனிஞ்சிக்கிட்டு, சரி பாய், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் நேற்று அஞ்சலை. உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள், பாதமெல்லாம் வெடிப்பு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அதுவரைக்கும் அடித்திருந்த பக்கங்களை அவள் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். சுவரில் அந்தப் பாதி ஏழுமலை. நான் அடிக்க விரல் வராமல் விட்ட இடத்தை அவள் விடவில்லை.

"படத்த நீ அமுக்கிட்ட, சரி. கை தவறிப் போறதுதான், எனக்குந்தான் எத்தினியோ போச்சு. அவரு மூஞ்சியாவது வந்துச்சு, அதுவும் உம் பொண்ணு குடுத்தது. ஆனா ஒண்ணு கேக்கறேன் டீச்சரம்மா. அன்னிக்கி அந்தப் பொண்ணு இந்த வாசல்ல வந்து, எங்க சாதிசனம் அத்தினி பேரு எதுர்ல, நாந்தான் அழிச்சிட்டேன்னு எங்கால்ல வுழுந்துச்சே. அப்ப நீ எங்க நின்னுக்கினு இருந்த?"

நான் பக்கங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பதில் உனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நீ குனிவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று உன் தோள்பையை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு வேண்டாம் என்று சொன்னாயானால், நீ இன்னும் அந்த வாசலில் விழுந்தே கிடக்கிறாய், நான் இன்னும் பையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன் என்றுதான் அர்த்தம். எழுந்திரு அமுதா. இந்தா உன் பை.

அம்மா